பட்டாலியன் சர்ஜன்னா ஆபரேஷன் பண்றவர் இல்ல: அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில குடும்ப டாக்டர் உருவாகற கதை

அமெரிக்க ராணுவத்துல பட்டாலியன் சர்ஜன்னு ஒரு பொறுப்பு இருக்கு. பேர்ல சர்ஜன் இருக்கே தவிர ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கற ஆள் இல்ல அவர், பல நேரம் ஒரு குடும்ப டாக்டர், அதாவது ஃபேமிலி மெடிசின் படிச்சவர். தமிழ்நாட்டுலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துல காய்ச்சலுக்கு மாத்திரை எழுதித் தர்ற டாக்டரோட அரசாங்கப் பதவிப் பேர் அசிஸ்டன்ட் சர்ஜன் தானே, அந்த மாதிரி பழைய பேர் அப்படியே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. ஒரு பட்டாலியன்ல 500-லேர்ந்து 800 பேர் வரைக்கும் இருப்பாங்க, அத்தனை பேர் உடம்புக்கும் இவர் தான் பதில் சொல்லணும், பக்கத்துல ஸ்கேன் கிடையாது, ஃபோன் போட்டா ஓடி வர்ற ஸ்பெஷலிஸ்ட் கிடையாது, ஒரு டென்ட், ஒரு மருந்துப் பெட்டி, நாலஞ்சு மெடிக் பசங்க, அதாவது சிகிச்சை குடுக்கப் பயிற்சி எடுத்த சிப்பாய்ங்க, அவ்வளவுதான்.

இதே டாக்டர் தான் ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆஸ்பத்திரியில பிரசவம் பார்த்துக்கிட்டு, கைக்குழந்தைக்கு தடுப்பூசி போட்டுக்கிட்டு, எழுபது வயசு ரிட்டையர்ட் சார்ஜன்ட்டுக்கு சுகர் மாத்திரை மாத்திக் குடுத்துக்கிட்டு இருந்திருப்பார். இந்த ரெண்டும் எப்படி ஒரே படிப்புல வரும், சண்டைக்குப் போற படைக்கு எதுக்கு குழந்தை டாக்டர் வேலை தெரிஞ்ச ஆள்னு நிறைய பேருக்கு புரியறதில்ல. அத முதல்லேர்ந்து சொல்றேன்.

முதல்ல ரெசிடென்சின்னா என்ன. நம்ம ஊர்ல எம்பிபிஎஸ், அப்புறம் ஹவுஸ் சர்ஜன், அப்புறம் பிஜின்னு போற மாதிரி அமெரிக்காவுல நாலு வருஷ மெடிக்கல் காலேஜ் முடிச்சதும் ஒரு துறைய எடுத்து ஆஸ்பத்திரியிலயே வேலை பார்த்துக்கிட்டே படிக்கணும், அதுக்குப் பேர் ரெசிடென்சி. ஃபேமிலி மெடிசினுக்கு 3 வருஷம். முதல் வருஷத்துக்காரங்கள இன்டர்ன்னு சொல்வாங்க. ரெசிடென்ட் வெறும் மாணவர் இல்ல, சம்பளம் வாங்கற டாக்டர், ஆனா ஒவ்வொரு முடிவுக்கும் மேல ஒரு மூத்த டாக்டர் பொறுப்பு ஏத்துக்கிட்டு கையெழுத்து போடணும், அவங்கள அட்டெண்டிங்னு சொல்றாங்க.

குடும்ப டாக்டர்ங்கறது தனிப் படிப்பா என்ன, எம்பிபிஎஸ் முடிச்சவர் எல்லாம் அதானேன்னு கேக்கலாம். அமெரிக்காவுலயும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் எல்லாரும் ஸ்பெஷலிஸ்ட் ஆகணும்னு போக, ஊர்ல எல்லாத்தையும் பார்க்கற பொது டாக்டர் குறைஞ்சுக்கிட்டே வந்தாங்க, இதயத்துக்கு ஒருத்தர் தோலுக்கு ஒருத்தர்னு ஆளு இருக்காங்க ஆனா முழு மனுஷன பார்க்கறதுக்கு ஆளில்லங்கற நிலைமை. 1966-ல மில்லிஸ் கமிஷன் மாதிரி சில குழுக்கள் இதப் பத்தி அறிக்கை குடுத்தாங்க, 1969-ல அமெரிக்காவோட 20-வது ஸ்பெஷாலிட்டியா குடும்ப மருத்துவம் வந்துச்சு. வந்தப்பவே ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. ஒரு தடவ பரீட்சை பாஸ் பண்ணிட்டா சாகற வரைக்கும் பட்டம்னு விடாம, சில வருஷத்துக்கு ஒரு தடவ திரும்ப பரீட்சை எழுதித் தான் தக்க வெச்சுக்கணும்னு முதல்ல சொன்ன துறை இது தான், மத்த துறைகள் எல்லாம் அப்புறமா தான் அந்த வழிக்கு வந்தாங்க. இத நான் எப்பவும் பெருமையா சொல்வேன், ஏன்னா பொது டாக்டர்ன்னா கம்மியா படிச்சவர்னு ஒரு எண்ணம் எல்லா ஊர்லயும் இருக்கு.

சரி, ராணுவத்துக்கு எதுக்கு இது?

போர்னாலே குண்டுக் காயம்னு தான் நமக்கு மனசுல வரும். ஆனா படைகள ரொம்ப காலமா அழிச்சது நோய். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல செத்த வீரர்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு நோயால செத்தவங்க. 1898-ல ஸ்பெயினோட நடந்த சண்டையில எதிரி கையால செத்த அமெரிக்க வீரர்கள் 400-க்கும் கம்மி, டைபாய்டுல மட்டும் 1,500 பேருக்கு மேல போனாங்க, அதுலயும் பல பேர் கப்பல் ஏறவே இல்ல, சொந்த நாட்டுப் பயிற்சி முகாம்லயே படுத்து செத்தவங்க. கக்கூஸ் குழி, ஈ, சாப்பாட்டுக் கூடாரம், ஒரே டென்ட்ல ஒருத்தர் கிட்ட இருந்து இன்னொருத்தருக்குன்னு அது எப்படிப் பரவுச்சுன்னு வால்டர் ரீட்ங்கற ராணுவ டாக்டர் தலைமையில ஒரு குழு முகாம் முகாமா போய் கண்டுபிடிச்சது. இப்ப நூறு வருஷம் தாண்டியும் கதை பெருசா மாறல, இராக்லயும் ஆப்கானிஸ்தான்லயும் இருந்து சிகிச்சைக்காக விமானத்துல வெளியே அனுப்பப்பட்டவங்கள்ல சண்டைக் காயம் பட்டவங்கள விட முதுகு வலி, முட்டி, மனசு சரியில்லாம போனது, வேற நோய் இதுக்காகப் போனவங்க தான் அதிகம்.

அப்ப முன்னணியில முதல் ஆளா யார் நிக்கணும்? உள்ள வர்றது மூட்டு வலியா, மலேரியாவா, மாரடைப்பா, மனைவி விட்டுட்டுப் போனதால மூணு நாளா தூக்கமில்லாம கையில துப்பாக்கி வெச்சுக்கிட்டு நிக்கற பையனா, எதுன்னு தெரியாம கதவு திறக்கறப்ப எல்லாத்துக்கும் முதல் பதில் தெரிஞ்ச ஆள். அது தான் குடும்ப டாக்டரோட படிப்பே.

இன்னொரு காரணமும் இருக்கு. ராணுவம்னா சிப்பாய் மட்டும் இல்ல, கூட மனைவி இல்ல கணவர், குழந்தைங்க, ரிட்டையர் ஆனவங்க, அவங்க வீட்டுக்காரங்க எல்லாரும் உண்டு. டிரைகேர்னு ஒரு மருத்துவத் திட்டம் இவங்க எல்லாருக்கும், மொத்தம் 90 லட்சம் பேருக்கு மேல. படைவீரர்கள் பெரும்பாலும் இருபதுகள்ல இருக்கற சின்னஞ்சிறுசுகள், கல்யாணம் ஆன புதுசு, அதனால படைத்தளம் இருக்கற ஊர்ல பிரசவமும் பச்சைக் குழந்தையும் நிறைய. குடும்ப மருத்துவம் கத்துக்க இத விட நல்ல இடம் அமையாதுன்னு சொல்லலாம், ஒரே கூரைக்கு கீழ பொறந்த குழந்தையிலேர்ந்து வியட்நாம் போய் வந்த தாத்தா வரைக்கும் வர்றாங்க.

இப்படி ரெசிடென்சி நடத்தற ராணுவ ஆஸ்பத்திரிங்க அமெரிக்கா முழுக்க இருக்கு. வாஷிங்டன் மாநிலத்துல டகோமா பக்கம் மாடிகன், ஹவாயில மலை மேல ரோஸ் கலர்ல நிக்கற ட்ரிப்ளர், டெக்சாஸ்ல டார்னல், ஜார்ஜியாவுல மார்ட்டின், கடற்படைக்கு கேம்ப் பெண்டில்டன், கேம்ப் லஜூன், ஜாக்சன்வில், விமானப்படைக்கு கலிபோர்னியாவுல ட்ராவிஸ் தளத்துல டேவிட் கிரான்ட். விமானப்படை சில இடத்துல ஊர்ப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்தே நடத்துது, நெப்ராஸ்காவுல ஒமாஹா அப்படி ஒண்ணு.

எனக்கு இதுல மனசுல நிக்கறது வட கரோலினாவுல ஃபேயட்வில் பக்கத்துல ஃபோர்ட் ப்ராக் தளத்துல இருக்கற வொமாக் ஆஸ்பத்திரி. பாராசூட்ல குதிக்கற 82-வது ஏர்போர்ன் டிவிஷன் இருக்கற தளம் அது. அந்த ஆஸ்பத்திரிக்குப் பேர் வெச்சது ஒரு ஜெனரல் பேரையோ பெரிய டாக்டர் பேரையோ இல்ல. ப்ரையன்ட் வொமாக்னு ஒரு மெடிக், பதவியில கீழ்ப் படியில இருக்கற சாதாரண சிப்பாய். 1952 மார்ச்ல கொரியாவுல ராத்திரி ரோந்து போன குழுவுக்கு இருந்த ஒரே மெடிக் அவர் தான், திடீர்னு எதிரி பெரிய கூட்டமா வந்து விழுந்து நிறைய பேருக்கு அடி, இவர் ஒவ்வொருத்தரா போய் கட்டுப் போட்டுக்கிட்டே இருந்தப்ப இவருக்கும் அடி, தனக்கு வேண்டாம்னு மறுத்துட்டு அடுத்த ஆள் கிட்ட போனார், மறுபடி மோர்ட்டார் குண்டு விழுந்து வலது கையே போயிடுச்சு. கை போன அப்புறமும் தனக்கு சிகிச்சை வேண்டாம்னு சொல்லிட்டு, இங்க அழுத்து, அப்படி கட்டுன்னு மத்தவங்களுக்கு வாயால சொல்லிக் குடுத்து காயம் பட்டவங்கள பார்க்க வெச்சார். கடைசி ஆளா கிளம்பி ரத்தம் போய் விழுந்து இறந்தார். மெடல் ஆஃப் ஹானர் குடுத்தாங்க. தன் கை இல்லாத நேரத்துல இன்னொருத்தர் கைக்கு சொல்லிக் குடுத்த மனுஷன் பேர்ல டாக்டர்களுக்கு சொல்லிக் குடுக்கற ஆஸ்பத்திரி இருக்கு, அத நினைக்கறப்ப எல்லாம் எனக்கு தொண்டை அடைக்கும்.

இதுக்குள்ள எப்படி நுழையறது? ரெண்டு வழி முக்கியம். ரெண்டுமே 1972-ல அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட ஒரே சட்டத்துல பொறந்தது, ஏன்னா கட்டாய ராணுவ சேவை நிக்கப் போகுது, இனிமே டாக்டர்கள இழுத்துட்டு வர முடியாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. ஒண்ணு பெத்தெஸ்டாவுல இருக்கற ராணுவத்தோட சொந்த மெடிக்கல் காலேஜ், யூனிஃபார்ம்டு சர்வீசஸ் யுனிவர்சிட்டி, ஃபீஸ் கிடையாது, படிக்கறப்பவே ஆஃபீசர் சம்பளம், பதிலுக்கு 7 வருஷம் சேவை செய்யணும். இன்னொண்ணு ஸ்காலர்ஷிப், வேற எந்த மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்தாலும் ஃபீஸ ராணுவம் கட்டும், மாசம் கைச்செலவுக்கும் குடுக்கும், நாலு வருஷம் வாங்கினா நாலு வருஷம் சேவை. அமெரிக்காவுல டாக்டர் படிப்பு முடிச்சு வெளிய வர்றப்ப கடன் சாதாரணமா 2 லட்சம் டாலர் அளவுக்கு நிக்கும்ங்கறத யோசிச்சா பசங்க ஏன் இந்தப் பக்கம் வர்றாங்கன்னு புரியும். ஆனா ஒரு விஷயம் கவனிக்கணும், ரெசிடென்சியில போற 3 வருஷம் இந்த ஸ்காலர்ஷிப்புக்கு பதிலா செய்ய வேண்டிய சேவையில கழியாது, அத முடிச்ச அப்புறம் தான் கணக்கு ஓட ஆரம்பிக்கும். சேர்றப்ப இருபத்தி ரெண்டு வயசுப் பையனுக்கு இது காதுல விழுந்தாலும் மனசுல இறங்காது, முப்பது தாண்டறப்ப தான் தெரியும்.

எந்த ஆஸ்பத்திரின்னு முடிவு ஆகறதும் வேற மாதிரி. வெளிய படிக்கறவங்களுக்கு மார்ச் மாசம் மேட்ச் ரிசல்ட் வரும். ராணுவக்காரங்களுக்கு தனியா ஒரு தேர்வுக் குழு உக்காந்து டிசம்பர்லயே சொல்லிடும். சில பேருக்கு 3 வருஷமும் ஒரே மூச்சுல கிடைக்கும். சில பேர் இன்டர்ன் வருஷம் மட்டும் முடிச்சுட்டு பொது மருத்துவ அதிகாரியா கப்பலுக்கோ படைப்பிரிவுக்கோ போய் ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு திரும்ப வந்து மீதி ரெசிடென்சிய முடிக்கணும், கடற்படையில ரொம்ப காலமா இந்த வழக்கம். நடுவுல போறது நல்லதா கெட்டதாங்கற வாதம் இன்னும் ஓயல. என் கருத்து, படிப்பு பாதியில இருக்கற ஆள தனியா கடலுக்கு அனுப்பறது அவருக்கும் நியாயமில்ல நோயாளிக்கும் நியாயமில்ல, ஆனா அப்படிப் போய் வந்தவங்க ரெசிடென்சியில உக்கார்றப்ப எது முக்கியம் எது இல்லன்னு தெரிஞ்சு உக்கார்றாங்கங்கறதும் உண்மை.

மூணு வருஷம் எப்படி ஓடுதுன்னா, முதல் வருஷம் பெரும்பாலும் வார்டு. பிரசவ வார்டு, குழந்தைங்க வார்டு, ஐசியூ, எமர்ஜென்சி, சர்ஜரின்னு மாசத்துக்கு ஒண்ணா சுத்தி வரணும், வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுங்கறது விதி, நாலு வார சராசரியில பார்க்கறது. ராணுவம்னாலும் இந்த விதி உண்டு, ஏன்னா வெளிய இருக்கற ரெசிடென்சிங்களுக்கு அங்கீகாரம் குடுக்கற அதே அமைப்பு தான் இங்கயும் வந்து சோதிக்கும், துறைப் பட்டத்துக்காக கடைசியில எழுதற போர்டு பரீட்சையும் அதே பரீட்சை தான். இத சொல்லக் காரணம், ராணுவ டாக்டர்னா தரம் கம்மியோன்னு சில பேர் நினைக்கறாங்க, அப்படி தனி சலுகை ஒண்ணும் கிடையாது.

ஆனா இந்தப் படிப்போட உயிர் வார்டுல இல்ல, கிளினிக்ல இருக்கு. முதல் நாளே ஒவ்வொரு ரெசிடென்ட்டுக்கும் சொந்தமா ஒரு நோயாளிப் பட்டியல் குடுத்துடுவாங்க, இவங்க எல்லாம் உன் பொறுப்பு, மூணு வருஷமும் உன்ன தான் பார்க்க வருவாங்கன்னு. முதல் வருஷத்துல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு அரை நாள் கிளினிக், போகப் போக அதிகமாகும். முன்ன எல்லாம் மூணு வருஷத்துல 1,650 தடவ நோயாளி பார்த்திருக்கணும்னு எண்ணிக்கை வெச்சிருந்தாங்க, அதுல பத்து வயசுக்குக் கீழ இத்தனை, அறுபதுக்கு மேல இத்தனைன்னு தனிக் கணக்கு வேற, 2023-லேர்ந்து அத மாத்தி சொந்த நோயாளிகளுக்காக 1,000 மணி நேரம் செலவழிக்கணும்னு ஆக்கிட்டாங்க. எனக்கு இது சரியான மாத்தமா படுது, எண்ணிக்கை துரத்தினா அவசர அவசரமா பார்த்து அனுப்பத் தான் தோணும்.

ஒரு மத்தியானத்த மனசுல வெச்சுப் பாருங்க. ரெண்டு மாசக் குழந்தைக்கு ஊசி போட ஒரு அம்மா வந்திருக்காங்க, இருபத்தி ரெண்டு இருபத்தி மூணு வயசு, வீட்டுக்காரர் பட்டாலியனோட ஐரோப்பாவுல இருக்கார். ரெசிடென்ட் குழந்தைய பார்க்கறாங்க, எடை ஏறியிருக்கு, தலை சுத்தளவு சரி, இடுப்பு மூட்டு சரி, முகத்தப் பார்த்து சிரிக்குது. ரூம விட்டு வெளிய வந்து ப்ரிசெப்டர் ரூமுக்குப் போறாங்க. அது கிளினிக் நடுவுல ஒரு சின்ன ரூம், அங்க ஒரு அட்டெண்டிங் உக்காந்திருப்பாங்க, நாலு ரெசிடென்ட்டுக்கு ஒருத்தர்னு கணக்கு, ரெசிடென்ட் ஒவ்வொரு நோயாளியப் பத்தியும் வந்து சுருக்கமா சொல்லணும், என்ன நினைக்கற, என்ன பண்ணப் போறன்னு அவங்க கேப்பாங்க.

ரெசிடென்ட் சொல்லிட்டாங்க, எல்லாம் நார்மல், ஊசி போட்டு அனுப்பிடலாம் மேடம்னு. அட்டெண்டிங் ஒரு மேஜர், கம்ப்யூட்டர்லேர்ந்து கண்ண எடுக்காம கேக்கறாங்க, அம்மா ஃபில் பண்ணின பேப்பர் எங்க? குழந்தை பொறந்த அம்மாக்களுக்கு குடுக்கற எடின்பரோ கேள்வித்தாள் அது, மொத்தம் 10 கேள்வி, போன வாரம் சிரிக்க முடிஞ்சுதா, காரணமில்லாம பயமா இருந்துதா, அந்த மாதிரி. கூட்டிப் பார்த்தா 14. கடைசிக் கேள்வி, தன்னையே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுச்சாங்கறது, அதுல எப்பவாவதுன்னு டிக் போட்டிருக்கு. ரெசிடென்ட் முகம் மாறிடுச்சு. மேஜர் அடுத்து கேக்கறாங்க, இந்த அம்மாவுக்கு டாக்டர் யாரு? ரெசிடென்ட் பட்டியலப் பார்த்துட்டு சொல்றாங்க, நான் தான், பிரசவமும் நான் தான் பார்த்தேன்.

குடும்ப மருத்துவம்னா என்னன்னு யாராவது கேட்டா நான் இந்த ரூமத் தான் காட்டுவேன். குழந்தை டாக்டர் கிட்ட போயிருந்தா அவங்களும் கேள்வித்தாள் குடுத்திருப்பாங்க, ஆனா அடுத்து அம்மாவ வேற எங்கயோ அனுப்பணும், அங்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மூணு வாரம், தூக்கமில்லாத பொண்ணு கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு அங்க போவாங்களா மாட்டாங்களா யாருக்குத் தெரியும். இங்க அப்படி இல்ல, ரெசிடென்ட் அதே ரூமுக்குத் திரும்பிப் போய் கதவ சாத்திட்டு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்கார்ந்து குழந்தையப் பத்திப் பேசாம அம்மாவப் பத்திப் பேச ஆரம்பிக்கறாங்க, சாப்பிட்டீங்களா, ராத்திரி யார் கூட இருக்காங்க, அந்த நினைப்பு எப்ப வந்துச்சு, வீட்டுல துப்பாக்கி இருக்கா, அது எங்க இருக்கு. மேஜரும் வந்து பக்கத்துல நிக்கறாங்க. மனநல ஆலோசகர் அதே கிளினிக்ல இருக்கறதால அவங்களையும் அப்பவே கூப்பிட்டு அறிமுகம் பண்ணி வெச்சுட்டு தான் அன்னிக்கு அனுப்புவாங்க, அதுவும் யாரு கூட இருப்பாங்கன்னு உறுதி பண்ணிட்டு. அடுத்த ரெண்டு நோயாளி அரை மணி நேரம் வெளிய காத்திருக்க வேண்டியது தான்.

இதே மாதிரி கைவேலையும் நிறைய. முட்டிக்கு ஊசி, மச்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறது, காப்பர்-டி வெக்கறது, நகச்சுத்தி முத்தின நகத்த எடுக்கறது, ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், கையடக்க ஸ்கேன் வெச்சு வயித்தப் பார்க்கறது. இதெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் கிட்ட அனுப்பற பழக்கம் ஊர்ல வளர்ந்துட்டே போகுது, ராணுவத்துல அனுப்ப ஆள் இல்லாத இடத்துக்குப் போகப் போறோம்னு தெரிஞ்சதால கையால கத்துக்கறாங்க. காதுல அஞ்சு இடத்துல சின்ன ஊசி குத்தி வலியக் குறைக்கற போர்க்கள அக்குபங்சர்னு ஒரு முறையும் சொல்லித் தர்றாங்க, 2001-ல ஒரு விமானப்படை டாக்டர் உருவாக்கினது. அதுக்கு ஆதாரம் இன்னும் பலமா வரணும்னு தான் நான் நினைக்கறேன், ஆனா போதை மருந்து வகை வலி மாத்திரைக்குப் போகாம ஏதாவது வழி தேடணும்ங்கற அவங்க கவலை நியாயமானது.

ராணுவத்துக்கே உரிய பாடம் தனியா இருக்கு. டெக்சாஸ்ல சான் ஆன்டோனியோ பக்கம் கேம்ப் புல்லிஸ்ல போர்க்காயப் பயிற்சி, கூடாரத்துல தூங்கி, புகையிலயும் சத்தத்துலயும் காயம் பட்ட மாதிரி நடிக்கற ஆளுங்களுக்கு சிகிச்சை குடுத்துப் பழகணும். அங்க சொல்லித் தர்ற வரிசை ஆஸ்பத்திரி வரிசை இல்ல. ஆஸ்பத்திரியில முதல்ல மூச்சுக்குழாய், அப்புறம் மூச்சு, அப்புறம் ரத்த ஓட்டம்னு படிச்சிருப்போம். இங்க முதல்ல பெருசா ரத்தம் போறத நிறுத்து, அப்புறம் தான் மூச்சுக்குழாய், அப்புறம் நெஞ்சு, அப்புறம் ரத்த ஓட்டம், கடைசியா குளிர்ந்து போகாம பார்த்துக்கறதும் தலைக் காயமும். காரணம், கை கால்ல பெரிய ரத்தக் குழாய் அறுந்தா சில நிமிஷத்துல உயிர் போயிடும், ஒரு டூர்னிகே பட்டைய இறுக்கிக் கட்டினா போதும் அத நிறுத்த. 1996-ல இந்த முறைய எழுதி வெச்சாங்க, அதுக்கு முன்னாடி டூர்னிகேன்னாலே கால் போயிடும், கடைசி வழியா தான் கட்டணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இத மெடிக் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறதும் டாக்டர் வேலை தான், ஏன்னா குண்டு விழற இடத்துல பக்கத்துல இருக்கப் போறது பத்தொன்பது வயசு மெடிக், டாக்டர் இல்ல.

இத விடக் கஷ்டமான பாடம் ஒண்ணு இருக்கு, அது எந்தப் பயிற்சி முகாம்லயும் முழுசா வராது. காலையில சிக் கால்னு ஒரு நேரம், விடியக்காலம் உடம்பு முடியாத சிப்பாய்ங்க வரிசையா வருவாங்க. டாக்டர் பார்த்துட்டு ப்ரொஃபைல்னு ஒரு ஃபார்ம் எழுதணும், இந்த ஆள் இத்தனை நாள் ஓடக் கூடாது, இவ்வளவு எடைக்கு மேல தூக்கக் கூடாது, குதிக்கக் கூடாதுன்னு. ஃபோர்ட் ப்ராக் மாதிரி இடத்துல பாராசூட்ல குதிக்கறவங்களுக்கு அதுக்குன்னு தனியா மாசப் படி உண்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது குதிச்சா தான் அது நிக்காம வரும். கணுக்கால் வீங்கிப் போய் வர்ற பையன் சார் வலியே இல்ல சார்ம்பான், கையெழுத்து மட்டும் போடாதீங்கன்னு கண்ணாலயே கெஞ்சுவான், வீட்டு வாடகை அந்தப் படியில ஓடுது. அடுத்து வர்றவன் உண்மையில ஒண்ணுமில்லாம பயிற்சிக்குப் பயந்து வந்திருக்கலாம், இல்ல முதுகு வலின்னு சொல்லிட்டு சொல்ல முடியாத வேற ஒரு வேதனையோட வந்திருக்கலாம். அந்தப் பக்கம் கமாண்டருக்கு எத்தனை பேர் தயார்னு எண்ணிக்கை வேணும்.

டாக்டர் யாருக்கு உண்மையா இருக்கணும்? எதிர்ல உக்காந்திருக்கறவனுக்கா, படைக்கா? சட்டம் ஒரு வழி வெச்சிருக்கு, வேலைக்குத் தகுதியா இல்லையாங்கறத கமாண்டருக்கு சொல்லலாம், அதுக்குத் தேவைப்படற அளவு மட்டும், நோயாளி மனசு விட்டு சொன்னது எல்லாத்தையும் தூக்கிக் குடுக்கக் கூடாது. கோடு எங்கன்னு புத்தகத்துல எழுதலாம், ஆனா ஒவ்வொரு காலையும் அந்தக் கோட்டத் திரும்ப கண்டுபிடிக்கணும். நல்ல அட்டெண்டிங் இத வகுப்பு எடுத்து சொல்லித் தர மாட்டாங்க, ரெசிடென்ட்ட பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு கமாண்டருக்கு ஃபோன் போடுவாங்க, எத சொல்றாங்க எத சொல்லாம விடறாங்கன்னு ரெசிடென்ட் கேட்டுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.

இந்த அமைப்புல எனக்கு வருத்தம் தர்றதும் இருக்கு. டாக்டர் படிப்புக்கு நோயாளி வேணும். 2017 வருஷத்து பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் ராணுவ ஆஸ்பத்திரிங்க எல்லாம் ஒரே நிர்வாகத்துக்குக் கீழ போச்சு, செலவக் குறைக்கணும், சண்டைக்குத் தேவையானத மட்டும் வெச்சுக்கணும்னு சொல்லி குடும்பங்களையும் ரிட்டையர் ஆனவங்களையும் நிறைய இடத்துல வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க, சில இடத்துல பிரசவ வார்டையே மூடினாங்க. காகிதத்துல பார்த்தா சரி தான், பீரங்கிக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். ஆனா வயசான நோயாளி வரலன்னா சிக்கலான நெஞ்சு வலிய ரெசிடென்ட் எங்க பார்த்துக் கத்துப்பாங்க? பிரசவத்துல ரத்தம் கொட்டறப்ப நடுங்காம நிக்கப் பழகின கை தான் நாளைக்கு டென்ட்லயும் நடுங்காம நிக்கும். வெளி ஊர்லயும் டாக்டர் பத்தாக்குறை, அனுப்பப்பட்டவங்களுக்கும் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காம அலைஞ்சது தான் மிச்சம். 2023 டிசம்பர்ல பாதுகாப்புத் துறையே உத்தரவு போட்டுச்சு, நோயாளிங்கள திரும்ப ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும்னு. போன நர்சும் டாக்டரும் உத்தரவு போட்ட வேகத்துல திரும்பி வர மாட்டாங்க, ஒரு வார்ட மூடறதுக்கு ஒரு மாசம் போதும், திறக்கறதுக்கு வருஷக்கணக்காகும்.

இன்னொண்ணு, இந்தத் துறையோட அடிப்படையே ஒரே டாக்டர் வருஷக்கணக்கா ஒரே குடும்பத்தப் பார்க்கறது. ராணுவத்துல ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ எல்லாரும் இடம் மாறுவாங்க, நோயாளியும் போவாங்க, டாக்டரும் போவாங்க. அதனால இங்க படிக்கறவங்க ஒரு விஷயத்துல வெளி ஆளுங்கள விட கெட்டிக்காரங்க ஆகறாங்க, முதல் சந்திப்புலயே நம்பிக்கை வாங்கறது, கிளம்பறப்ப எதையும் சிந்தாம அடுத்தவர் கையில குடுத்துட்டுப் போறது.

ஜூன் மாசக் கடைசியில மூணாம் வருஷ ரெசிடென்ட்டுங்க கிளம்பறப்ப பட்டியல் முழுக்க புதுசா வர்ற இன்டர்னுக்கு மாறும். சுகர் அளவும் மாத்திரைப் பேரும் கம்ப்யூட்டர்லயே இருக்கு, அத யாரும் எழுதித் தர வேண்டியதில்ல. எழுதித் தர வேண்டியது வேற. இவர் கிட்ட முதல்ல நாய பத்திக் கேளுங்க, அப்புறம் தான் பேசுவார். இந்தப் பாட்டிக்கு இடது காது கேக்காது, வலது பக்கம் உக்காருங்க, தலைய ஆட்டினா புரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. அப்புறம் அந்த அம்மாவுக்கு ஒரு குறிப்பு: இப்ப நல்லா இருக்காங்க, மருந்து நிறுத்தி நாலு மாசம் ஆச்சு, ரெண்டாவது உண்டாகியிருக்காங்க, வீட்டுக்காரர் அக்டோபர்ல மறுபடி கிளம்பறார், பிரசவம் நவம்பர்ல, அந்த ரெண்டு மாசமும் வாரா வாரம் நீங்களே ஃபோன் பண்ணுங்க, வேற யார் கிட்டயும் விடாதீங்க.